ஆயிரத்துக்கு நாலு

ஒரு மனிதனின் விலை அன்று காலை பதினெட்டாயிரம். முந்தின நாளைவிட ஐந்நூறு கூடுதல். இது சிறுநீரகம் பழுதான மனிதனின் விலை. சர்க்கரைக்காரன் எட்டாயிரத்துக்குக் கிடைப்பான். காசநோய் என்றால் பேசிப் பார்க்கலாம். கை கால் திடமாக, ரத்தம் சுத்தமாக, இருமல்கூட இல்லாத ஆளுக்கு விலையே கிடையாது. சும்மா தருகிறேன் என்றாலும் சங்கனாப்பேட்டையில் வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.

மிளகாய் வற்றல் மொத்த வியாபாரி தங்கபுஷ்பத்துக்கு மூன்று பேர் வேண்டியிருந்தது. மூன்றும் சிறுநீரகமாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்து இறங்கிவிட வேண்டும். அன்று புதன்.

மாவட்டம், தாலுகா எல்லாம் ஒழிந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. பழைய எல்லைக்கோடுகளைப் பார்த்துக் கணக்காய்வாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு கோடு ஆறு போன வழியில் போயிற்று. இன்னொன்று எந்தக் காலத்திலோ ஒரு துரையின் குதிரை களைத்து நின்ற இடத்தில் நின்றது. மூன்றாவது, யாரோ ஒரு பெரிய மனிதரின் மச்சான் தோப்பைச் சுற்றி வளைந்தது. மாடிவீட்டையும் குடிசையையும் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கிச் சராசரி எடுத்தால் அதில் மாடியும் இருக்காது, குடிசையும் இருக்காது. அதனால்தான் எல்லைவரைவி வந்தது. தலைநகரில் குளிரூட்டிய அறைக்குள் இருக்கும் அந்த இயந்திரம், பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிறவர்களில் ஒரே மாதிரி வாழ்கிறவர்களாகப் பொறுக்கி, பத்தாயிரம் பேர் வாக்கில் சேர்த்து, சுற்றி ஒரு கோடு போடும். அந்தக் கோட்டுக்குள் இருப்பது ஒரு கூறு. தக்காளியைக் கூறு கட்டி விற்றுப் பழகிய பேட்டைக்காரர்களுக்கு அந்தச் சொல் புதிதாகப் படவில்லை. தக்காளியின் இடத்தில் தாங்கள் இருப்பது மட்டும்தான் புதிது.

கூடவே ஒரு சட்டமும் வந்தது. தனி ஆளின் விவரத்தை எந்த அதிகாரியும் பார்க்கக் கூடாது. கூறின் விகிதத்தை மட்டும்தான் பார்க்கலாம். பள்ளிக்கூடம், பேருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் விகிதத்தின்படிதான். ‘என் புருஷனுக்கு உடம்பு சரியில்லை’ என்று யாரிடமும் போய் மனு கொடுக்க முடியாது. புருஷன் என்று ஒருவர் இருப்பதே அரசாங்கத்துக்குத் தெரியாது. ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்பது மட்டும் தெரியும்.

ரத்தத்தைச் சுத்திகரித்துத் திருப்பி ஏற்றுகிற குருதிச்சலவை நிலையத்துக்கு ஆயிரத்துக்கு நாலு. அதற்கு ஒரு துளி குறைந்தாலும் நிலையம் எழுந்து போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணிப்பு நாள். அன்று நண்பகல் பன்னிரண்டு அடிக்கும்போது, அவரவர் கழுத்தில் தொங்கும் ஆள்வில்லை எந்தக் கூறுக்குள் இருக்கிறதோ அந்தக் கூறின் ஆள் அவர்.

தங்கபுஷ்பத்தின் கணவர் தவமணிக்கு வாரம் மூன்று நாள் சலவை. இந்த மூன்று மாதத்தில் கூறுக்குள் மூன்று சலவைக்காரர்கள் இறந்துபோனார்கள். நாற்பத்தொன்று முப்பத்தெட்டாகிவிட்டது. நிலையம் போய்விட்டால் அடுத்தது கோட்டூரணியில், அறுபது கிலோமீட்டர். சலவை முடிந்து எழுந்தால் பத்தடி நடக்கவே சுவரைப் பிடிக்கிற மனிதர் வாரம் மூன்று முறை அறுபது போய் அறுபது வர வேண்டும். “ரெண்டு மாசம் தாங்குவாரு” என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாவது மாதத்தைப் பற்றி அவர் பேசவில்லை. தங்கபுஷ்பமும் கேட்கவில்லை.

அவர் நேரே பழைய மாட்டுத்தாவணிக் கொட்டகைக்குப் போனார். அங்கே மாடக்கண்ணு உட்கார்ந்திருந்தார். முன்பு மாட்டுத்தரகர், இப்போது ஆள்தரகர்.

“எத்தன உருப்படி யக்கா?”

“மூணு. எல்லாம் சலவைக்காரங்களா இருக்கணும்.”

“சலவைக்கு இப்ப தட்டுப்பாடு. தெக்க ஒரு நாலு கூறு சேந்து மொத்தமா வளைச்சிப் போட்டுட்டானுவ. சர்க்கரை ஆறு பேரு தாரேன், எடுத்துக்கிடுங்க.”

“மொளகா கேட்டா மல்லி தாரேங்கிய. எனக்கு எதுக்கு அண்ணாச்சி சர்க்கரை?”

மாடக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் போர்த்தி நீட்டினார். ஆளுக்கு விலை பேசுவது குற்றம். பேச்சைக் கேட்கிற கருவி கம்பத்துக்குக் கம்பம் இருந்தது. துண்டுக்கடியில் விரல் பேசுவதைக் கேட்க இன்னும் யாரும் கருவி செய்யவில்லை. தங்கபுஷ்பம் துண்டுக்குள் கையை விட்டார். மாடக்கண்ணு அவர் கையை மூன்று தடவை முழுசாக அழுத்திவிட்டு மூன்று விரலைப் பிடித்தார். பதினெட்டு. தங்கபுஷ்பம் இரண்டு தடவை அழுத்தி இரண்டு விரலோடு நிறுத்தினார். பன்னிரண்டு. மாடக்கண்ணு முகம், பல்வலி வந்தவரைப் போலானது. அப்படியே கால்மணி நேரம் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் மூன்று முழுக்கையில் வந்து நின்றது. பதினைந்து. அதில் பாதி வருகிறவர்களுக்குப் படி.

“சரி. மேல என்ன?” என்றார் தங்கபுஷ்பம்.

“மேல என்னன்னா?”

“கொசுறு அண்ணாச்சி. ஒரு கொத்து கருவேப்பிலையாவது போடாம எந்தக் கடையிலருந்து நான் எறங்கியிருக்கேன்?”

மாடக்கண்ணுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மனுசனுக்குமா கொசுறு?”

“துட்டு குடுத்துதான வாங்குதேன்?”

“சரி யக்கா. ஒங்க மனசு நெறையுத மாதிரி அனுப்புதேன்.”

வீட்டில் தவமணி கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார்: “எங்கூடப் படுத்துக் கெடக்க ஆள் வாங்கிட்டியாமே? நல்ல பேச்சுக்காரனாப் பாத்தியா? கூடச் சலவைக்குக் கெடந்த அந்தோணி செத்துப்போனதுலருந்து பேச்சுத்தொணைக்கே ஆளு இல்ல. பக்கத்துக் கட்டில்ல கெடக்கவன் நாலு மணி நேரமும் மோட்டுவளையப் பாத்துட்டே கெடக்கான்.”

“ரத்தம் கெட்டுப்போன ஆளுதான் கேட்டேன். வாய் எப்பிடின்னு பாக்கல.”

“பாத்திருக்கணும். பதினஞ்சாயிரம்னா சும்மாவா?”

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பேட்டை வாசலில் பேருந்து வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். தங்கபுஷ்பம் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு நாலாவது ஆள் இறங்கினான். ஐந்தாவது, ஆறாவது. இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருத்தனுக்கும் மார்பு கதவு மாதிரி. உப்பளத்தில் வேலை நின்றுபோன ஆட்கள்.

ஓட்டுநர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “மூணு சரக்கு, இருவது கொசுறு. மாடக்கண்ணு மொதலாளி எண்ணிப் பாத்துக்கிடச் சொன்னாரு.” சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

இருபது பேரில் ஒருவன், வழியில் கிடந்த மிளகாய் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கி ஓரமாக வைத்தான். “ஒதவிக்கு எதும் வேணும்னா சொல்லுங்கம்மா.” அவனுடைய பல்வரிசையைப் பார்த்ததும் தங்கபுஷ்பம் பேருந்து போன திசையைத் திரும்பிப் பார்த்தார்.

நாற்பது வருஷ வியாபாரத்தில் அவர் கொசுறால் நஷ்டப்பட்டதில்லை. எடைக்கு மேலே விழுகிற ஒரு பிடி எப்போதும் லாபம்தான். ஆனால் இது எடை இல்லை, விகிதம். நல்ல மிளகாயில் காம்பும் விதையும் சேர்ந்தால் தரம் இறங்குகிற மாதிரி, ஆரோக்கியமான ஒவ்வொருத்தனும் கூறுக்குள் கால் வைக்கும்போது நோயின் விகிதம் இறங்குகிறது. சராசரியில் கொசுறுக்குப் பெயர் கலப்படம். வியாபாரம் தெரியாத யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் மூன்று பேரைக் கேட்டு மூன்று பேரை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

பேட்டை வாசலில் ஆள்காட்டிப் பலகை இருந்தது. கூறுக்குள் அந்த நொடியில் எத்தனை பேர் என்று ஓடிக்கொண்டே இருக்கும். 10,263. நாற்பத்தொரு சலவைக்காரர்கள் இருந்தால் பத்தாயிரத்து இருநூற்றைம்பது பேர்வரை தாங்கும். பதின்மூன்று பேர் அதிகம்.

பெரிய சிக்கல் ஒன்றுமில்லை. பேட்டைக்கு எதிரே ரயிலடி ரோடு. ரோட்டின் நடுவில் போகிற வெள்ளைக் கோடுதான் எல்லை. அந்தப் பக்கம் வேறு கூறு. மின்கலத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற இளவட்டங்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் வாழ்கிற பகுதி. தங்கபுஷ்பம் இருபது பேரையும் கூட்டிக்கொண்டுபோய் ரோட்டைத் தாண்டவைத்தார். “பன்னெண்டு மணி கழியிற மட்டும் இந்தப் பக்கம் ஒருத்தரும் கால வைக்கப்படாது. சாப்பாடு வாங்கித் தாரேன்.” பலகை 10,243-க்கு இறங்கியது. அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சலவை நிலையத்துக்குப் போனார்.

தவமணி கையில் குழாயோடு படுத்திருந்தார். வாங்கிவந்தவர்களில் இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார்கள். மூன்றாமவர் ஞானதிரவியம், ஐம்பது வயதுக்காரர், ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“புஷ்பம்” என்று தவமணி மெதுவாகக் கூப்பிட்டார். “அங்க பாரு. எளநி குடிக்காரு.”

“குடிக்கட்டுமே.”

“நான் எளநியக் கண்ணால பாத்து ஆறு வருசம் ஆச்சு. சலவைக்காரன் ஒரு எளநி குடிச்சா நெஞ்சு நின்னுபோகும்னு எங்க எல்லாருக்கும் மொத நாளே சொல்லிருவாவ. இவரு ரெண்டாவதக் குடிக்காரு.”

தங்கபுஷ்பம் ஞானதிரவியத்தின் எதிரில் போய் நின்றார். அவர் இளநீர் வழுக்கையைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

“ஒங்களுக்குச் சலவை எந்தக் கெழமை அண்ணாச்சி?”

ஞானதிரவியம் இளநீர்க் கூட்டையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். “மன்னிச்சிருங்கம்மா. போன மாசம் எந்தங்கச்சி ஒரு கிட்னி குடுத்துட்டா. வச்சி முப்பத்திரெண்டு நாளாச்சு. மாடக்கண்ணு அண்ணாச்சிக்குத் தெரியாது. அவருகிட்ட இருக்கது பழைய லிஸ்டு. வேலை இல்ல, படி வருதேன்னு வண்டில ஏறிட்டேன்.”

“அப்ப ஒங்களுக்கு…”

“நல்லா இருக்கேம்மா” என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

தங்கபுஷ்பத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏமாற்றுக்காரன், திருடன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான், ஒரு மனிதன் பிழைத்துக்கொண்டதற்காகத் தான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆறு வருஷமாக இதே வரத்தைத் தன் வீட்டுக்காரருக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறவர் அவர். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“தங்கச்சி பேரு என்ன?” என்று தவமணி கட்டிலில் இருந்து கேட்டார்.

“ஜெயசெல்விங்க.”

“நல்லா இருக்கட்டும். அந்த எளநிய முழுசாக் குடிச்சிட்டுப் போங்க. பாக்கதுக்காவது ஆசையா இருக்கு.”

மணி பத்தே முக்கால். சலவைக்காரர்கள் நாற்பது. நாற்பதுக்குத் தாங்குவது சரியாகப் பத்தாயிரம் பேர். பலகையில் 10,243.

பக்கத்தில் இருந்த நாலைந்து வியாபாரிகள் தங்கபுஷ்பத்தின் கடையில் கூடினார்கள். எல்லோருக்கும் ஒரே யோசனைதான்: இன்னொரு சலவைக்காரனை எங்கே பிடிப்பது? பருப்புக்கடை வள்ளிநாயகம் மூன்று தரகர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். கணிப்பு நாளில் காலை பதினோரு மணிக்குச் சரக்கு எங்கே இருக்கும்? நாட்டில் இருந்த அத்தனை சிறுநீரகமும் ஏதாவது ஒரு கூறில் போய்ப் படுத்தாயிற்று.

தங்கபுஷ்பம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வருஷமாக எல்லாக் கூறுக்காரர்களும் ஆளை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் ஆளைக் கழிக்கத் தோன்றவில்லை. வாங்குவதும் சேர்ப்பதும்தான் வியாபாரம். குறைவது என்பது அவர்களுடைய தொழிலில் நஷ்டத்தின் பெயர்.

“இருவது பேரை ரோட்டுக்கு அந்தாண்ட விட்டேன்லா. எண்ணு எறங்கிச்சு” என்றார். “மீதி எரநூத்தி நாப்பத்து மூணு பேரும் போனா என்ன?”

“யாரு போறது?”

“நாமதான். பேட்டைல மட்டும் எரநூத்தி நாப்பது பேரு இருப்போம்லா. கடையச் சாத்திட்டு ரோட்டத் தாண்டி நிப்போம். பன்னெண்டு அடிச்சதும் திரும்பி வந்துருவோம்.”

“நல்லா இருக்கே கத!” என்றார் வள்ளிநாயகம். “வெள்ளிக்கெழம, முகூர்த்த நாளு வேற, பதினோரு மணிக்குக் கடையச் சாத்துன்னு எவளாவது சொல்லுவாளா? கேரளாக்காரன் லாரியோட நிக்கான்.”

“அண்ணாச்சி, ஒங்களுக்குச் சர்க்கரை எத்தன?”

“அது எதுக்கு இப்ப?”

“சொல்லுங்க.”

“…முந்நூத்திச் சொச்சம்.”

“கால் வீங்குதா?”

வள்ளிநாயகம் வேட்டியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“எங்க வீட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் தொடங்கிச்சு. இன்னும் நாலு வருசம் வச்சிக்கிடுங்க. அன்னைக்கு நீங்க படுக்கக் கட்டில் இங்க கெடக்கணுமா, கோட்டூரணில கெடக்கணுமான்னு முடிவு பண்ணிட்டு அந்த லாரிய ஏத்துங்க.”

வள்ளிநாயகம் எழுந்துபோய்க் கடையின் இரும்புத்தட்டியைத் தடதடவென்று இழுத்துவிட்டார். அந்தச் சத்தம் வரிசையாக நகர்ந்தது: பருப்பு, மல்லி, வெல்லம், எண்ணெய். சுமை தூக்குகிறவர்கள், எடைபோடுகிறவர்கள், கணக்கெழுதுகிறவர்கள், கேரள லாரிக்காரர்கூட என்ன ஏது என்று தெரியாமல் கூட்டத்தோடு நடந்தார். ஞானதிரவியமும் போனார். தங்கபுஷ்பம் பலகையடியில் நின்று ஆளை ஆளாகத் தள்ளிவிட்டார். 10,180. 10,092. 10,040.

எதிர்ப்பக்கம் பரோட்டாக் கடை வைத்திருந்த செய்யதலி பாத்திமாவுக்கு முதலில் கண்ணை நம்ப முடியவில்லை. அந்தக் கூறின் குடியிருப்போர் சங்கத் தலைவியும் அவர்தான். “வாங்க வாங்க! என்ன, இன்னைக்குப் பேட்டையே எங்க பக்கம் வீசுது! ஏ, அடுப்ப இன்னொண்ணு பத்தவைங்கட்டி!” இருநூறு பேருக்குமேல் வெயிலில் நின்று டீ குடித்தார்கள், பரோட்டாவைப் பிய்த்தார்கள். உப்பளத்துக்காரர்கள் ஆளுக்குப் பன்னிரண்டு சாப்பிட்டார்கள்.

பதினொன்று ஐம்பத்தாறு. 10,001.

“பத்தாயிரத்து ஒண்ணு” என்று ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வள்ளிநாயகம் கத்தினார். “நல்ல எண்ணு! மொய்யா இருந்தா இப்பிடியே விட்டுறலாம்!”

தங்கபுஷ்பம் சுற்றிலும் பார்த்தார். பேட்டையில் காக்கா குருவி இல்லை. மிச்சம் இருந்த ஒன்று யாரென்று அவருக்குப் புரிந்தது. சலவை நடக்கும்போது தவமணியை விட்டு அவர் கூறைத் தாண்டினதே இல்லை. நிலையத்துக்குள் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்.

“நீங்க தனியா இருந்துக்கிடுவியளா?”

“முப்பத்தொம்பது பேரு கூட கெடக்கான், தனியாங்க?” என்றார் தவமணி. “ஓடு. வெள்ளக்கோட்டத் தாண்டி வல்லிசா நில்லு. புடவ நுனி இந்தப் பக்கம் கெடக்கப்போவுது.”

அவர் ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் மிளகாய் நெடி ஏறின நுரையீரலோடு ரயிலடி ரோட்டைத் தாண்டி, பரோட்டாக் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பலகை 10,000 என்று மாறியது. பன்னிரண்டு அடித்தது.

அரைமணி நேரத்தில் முடிவு வந்தது. ‘குருதிச்சலவை நிலையம்: நீடிக்கும்.’ வெல்லக்கடைக்காரர் ஒரு அச்சு வெல்லத்தை உடைத்து எல்லோர் வாயிலும் போட்டார். சர்க்கரைக்காரரான வள்ளிநாயகம் இரண்டு துண்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு மணிக்குச் செய்யதலி பாத்திமா கடைக்கு வந்தார். மாவுக்கையைக்கூடக் கழுவவில்லை.

“யக்கா, இன்னைக்கு எங்கடைல ஒரு மாசத்து யாவாரம்.”

“சந்தோசம் பாத்திமா. ஒக்காரு.”

“ஒக்கார வரல. எங்க பிரசவ ஆஸ்பத்திரி போச்சு.”

தங்கபுஷ்பம் எழுந்துவிட்டார்.

“ஆயிரத்துக்கு இருவது பிள்ளத்தாச்சி இருக்கணும். எங்க பக்கம் பத்தாயிரத்து அம்பது பேரு. எரநூத்தி ஒண்ணு போதும், எரநூத்தி மூணு இருந்தாவ. நிம்மதியா பரோட்டா வீசிட்டு இருந்தேன். பன்னெண்டு மணிக்கு ஒங்க ஆளு எரநூத்தி அறுவத்தி மூணு பேரு என் வாசல்ல நின்னாவ. அதுல ஒருத்தியாவது முழுகாம இருக்காளா? எல்லாம் தொந்தியும் மீசையும். இப்ப எரநூத்தி ஏழு வேணும்ங்கான். ஒங்க ஆளு திரும்பிப் போனாலும் அந்த எண்ணு எறங்காதாம், புதுசா ஆளு கூடுனா ஏறுமாம். சலவையத்தான் ஒடனே தூக்குவான், மத்ததுக்கு முப்பது நாள் தவணை. அதுக்குள்ள தெனம் நண்பகல்ல எண்ணிப் பாப்பானாம். கொறய நெரப்பலன்னா ஆஸ்பத்திரியத் தூக்கிட்டுப் போயிருவான்.” பாத்திமாவின் குரல் தணிந்தது. “என் மருமவளுக்கு ஏழு மாசம். ஏற்கெனவே ரெண்டு தடவ தங்காமப் போச்சு. அசையப்படாதுன்னு சொல்லியிருக்காவ. அவளக் கோட்டூரணிக்கு எதுல வச்சுக் கொண்டுபோவேன்?”

சாமர்த்தியமாகப் பேசத் தங்கபுஷ்பத்துக்குத் தெரியாமல் இல்லை. ரோடு பொது, நின்றது குற்றமில்லை, பரோட்டாவுக்குத் துட்டு கொடுத்தாயிற்று. எல்லாம் வாயில் வந்தது. வேறு யாராக இருந்தாலும் சொல்லியும் இருப்பார். அறுபது கிலோமீட்டர் என்ற கணக்கை இந்த ஊரிலேயே அதிகமாகப் போட்டுப் பார்த்தவர் அவர்தான்.

“எத்தன கொறையுது?”

“நாலு.”

“ரெட்டப் பிள்ளையா இருந்தா ரெண்டாக் கணக்கு வைப்பானா?”

“தாயத்தான் எண்ணுவான், பிள்ளைய எண்ண மாட்டான்.”

“யாவாரம் ஆச்சே, அதுல ஒண்ணத் தள்ளி மூணா…”

“யக்கா!”

“சரி, சரி. பழக்கதோசம். நாலு. தாரேன்.”

மறுநாள் காலையில் அவர் மாட்டுத்தாவணிக் கொட்டகைக்குப் போனபோது மாடக்கண்ணு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஐம்பது அறுபது பேர் கியூவில் நின்றார்கள்.

“பிள்ளத்தாச்சியா? யக்கா, வெலயே இல்ல. சரக்கு இருந்தாத்தான வெல? நீங்க நேத்து பண்ணுன வேல ராத்திரிக்குள்ள நாடு முச்சூடும் பரவிட்டு. கொறை விழுந்த கூறெல்லாம் இன்னைக்குக் காலைல இருந்து கொறை இன்னும் ஏறிரக்கூடாதுன்னு நல்லா இருக்கவன மாட்டப் பத்துத மாதிரிப் பத்திவிடுதான். ஒருத்தன் பக்கத்துக் கூறுக்குப் பத்துனா அங்க எதாவது ஒண்ணு கொறையுது. அவன் அதுக்குப் பக்கத்துக்குப் பத்துதான். இந்தா நிக்காவளே, இவ்வளவு பேரும் என்ன கேக்காவன்னு நெனைக்கிய?”

“என்ன?”

“இவங்க கூறுல இருக்க ஆரோக்கியமான ஆள எவனாவது ஏத்துக்கிடுவானான்னு கேக்காவ. ஆளுக்கு ரெண்டாயிரம் மேல குடுக்கேங்காவ. எடுக்க நாதியில்ல.”

திரும்பி வருகிற வழியில் தெருவுக்குத் தெரு கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு முக்கில் இரண்டு பேர் கம்போடு நின்று, வருகிறவர்களுடைய நாக்கையும் கண்ணையும் பார்த்து உள்ளே விட்டார்கள். நன்றாக இருமுகிறவர்களுக்கு வழி. நேராக நடந்து வருகிறவனை மறித்து, “என்ன வியாதி?” என்று கேட்டார்கள். “ஒண்ணுமில்ல” என்று சொன்ன ஒரு வாலிபனைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார்கள். ரயிலடி ரோட்டின் வெள்ளைக் கோட்டின் மேல் செய்யதலி பாத்திமாவே ஒரு பலகை நட்டிருந்தார்: ‘நோயில்லாதவர்கள், கர்ப்பமில்லாதவர்கள் 11 முதல் 1 வரை உள்ளே வரக் கூடாது.’

அன்று காலைச் செய்தியில் தலைமைக் கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கை வந்திருந்தது. புதிய கணிப்பின்படி நாட்டின் மொத்தச் சராசரிகள் எல்லாம், சிறுநீரகம் முதல் பிரசவம் வரை, நாலாவது தசமம்வரை அப்படியே இருக்கின்றன, ஒரு மாற்றமும் இல்லை, எல்லைவரைவி மிகத் துல்லியமாக வேலை செய்கிறது என்று அதில் மகிழ்ச்சி தெரிவித்திருந்தார்கள்.

தவமணி செய்தியைப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். “முப்பத்தொம்பது பேரு பொழைக்கட்டும்னு பண்ணுன. தப்புன்னு நான் சொல்லல. ஆனா அந்தப் பிள்ள அசையாமப் படுத்துக் கெடக்கு புஷ்பம்.”

“எனக்குத் தெரியாதா?”

“என்ன செய்யப்போற?”

“மலையடிவாரத்துல எல்லைவரைவி வராத ஊரு நாலஞ்சு இருக்காம். கூறு கட்ட ஆளு பத்தலன்னு விட்டு வச்சிருக்கான். அங்க முழுகாம இருக்கவங்க இல்லாமயா இருப்பாவ? போயிப் பாக்கேன். காலப் பிடிச்சாவது கூட்டிட்டு வாரேன்.”

“கொசுறு கேட்டுராத.”

தங்கபுஷ்பம் அதற்குச் சிரிக்கவில்லை. பையில் இரண்டு புடவையை வைத்தார். கிளம்புவதற்கு முன், கடைப் பேரேட்டில் புதுப்பக்கம் புரட்டி, நின்றபடியே எழுதினார்:

செய்யதலி பாத்திமா வகைக்கு.
கொடுக்க வேண்டிய கர்ப்பிணி: நான்கு.
கொடுத்தது: இல்லை.
பாக்கி: நான்கு.
தவணை: இருபத்தொன்பது நாள்.